எழுதுவதற்கு ஒரு மூலை

வீட்டுக்குள்ளேயே வேலை செய்வதற்கென்று அழகான ஓர் இடத்தை அமைத்துக்கொள்வது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகின்றது. பத்திரிகைகளின் வாரவெளியீடுகள் அதற்குப் பக்கம் ஒதுக்குகின்றன. பெயின்ற் கடையில் நிற அட்டையைக் கையில் தந்துவிடுகிறார்கள். மேசை யன்னலோரம் இருக்கவேண்டும். சுவர் இளமஞ்சளாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் மனம் உற்சாகமடையும். கண்படும் இடத்தில் ஒரு பூச்சாடி, கைக்கெட்டும் தூரத்தில் புத்தகத் தட்டு. இந்த ஆலோசனைகளை நான் ஏளனம் செய்ய வரவில்லை. வெளிச்சமும் நிறமும் மனத்தில் வேலை செய்கின்றன என்பது ஆரம்பப் பிரிவு வகுப்பறையில் நின்ற எந்த ஆசிரியருக்கும் தெரியும். வெறுஞ்சுவர் உள்ள வகுப்பில் பிள்ளை மணியடிக்கும்வரை காத்திருக்கிறது. தான் கீறிய சித்திரம் சுவரில் ஒட்டியிருக்கும் வகுப்பில் அதே பிள்ளை மணியடித்த பிறகும் நிற்கிறது.

ஆயினும் இந்த ஆலோசனைகள் எதுவும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்த மூலை வீட்டில் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படுகின்றது?

வீட்டின் அளவு நம் விருப்பத்துக்கு விரிவதில்லை. நான் படிப்பிக்கும் கொடிகாமப் பகுதியில் போருக்குப் பின் எழுந்த வீடுகளில் பல, உதவித் திட்டங்கள் கைகொடுத்துக் கட்டப்பட்டவை. 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. அதற்குள் தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் ஒரு மூதாட்டியும் இருப்பார்கள். அங்கே ஒருவருக்கென்று நிரந்தரமாக ஒரு மேசையைப் போட்டால் இன்னொருவரின் பாய் இடம் மாறும், அல்லது தையல் மெசின் விறாந்தைக்குப் போகும், அல்லது மூதாட்டி தொழுகைப் பாயை விரிக்க வேறிடம் தேடவேண்டும். ஆகவே இது ரசனை பற்றிய விடயம் மட்டுமல்ல. ஹக் பற்றிய விடயம், அதாவது யாருக்கு என்ன உரிமை என்பது பற்றியது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. வீடே வகுப்பறையானது. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள். தொலைபேசி யாருக்கு, யன்னலோரக் கதிரை யாருக்கு, சத்தமில்லாத அரை மணித்தியாலம் யாருக்கு என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் தினமும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானங்களில் வீட்டின் ஒழுங்கு வெளிப்பட்டது. எத்தனையோ வீடுகளில் மூத்த ஆண்பிள்ளைக்குக் கதிரையும், அவனுடைய தங்கைக்குக் குசினி வாசற்படியும் கிடைத்தன. யாரும் கூடிப்பேசி அவ்வாறு முடிவெடுக்கவில்லை. வழக்கம் அந்த வேலையைச் செய்துவிட்டது.

இக்கேள்வியை இலக்கிய உலகில் அழுத்தமாக எழுப்பியவர் வர்ஜீனியா வுல்ப். ஒரு பெண் எழுதுவதற்குத் தனக்கென்று ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் வேண்டும் என்று 1929 இல் அவர் வாதிட்டார். இதற்கு நம் பக்கத்தில் வழமையாக ஒரு பதில் சொல்லப்படும். எழுதத் தெரிந்தவனுக்கு அறை எதற்கு? வைக்கம் முகம்மது பஷீர் பேப்பூரில் தன் வீட்டு வளவில் மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, கிராமபோனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தவர்தானே? தோப்பில் முகம்மது மீரான் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே எழுதி, ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்கு 1997 இல் சாகித்திய அகாதெமி விருது பெறவில்லையா? நமது யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்த ஜோசப் சலூனையே இலக்கியக் களமாக்கி, 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, எத்தனை முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்?

இவை எல்லாம் உண்மை. எழுத்து வசதியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு இவை நல்ல சாட்சிகள். ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். மரத்தடியும் கடையும் சந்தியும் ஆணுக்குத் திறந்தே இருந்தன. வீட்டில் அறை இல்லாவிட்டாலும் அவனுக்கு ஊரில் இடம் இருந்தது. பஷீரின் மரநிழலுக்குத் தேநீர் தானாக நடந்து வந்திருக்காது.

அதே பட்டியலில் துவரங்குறிச்சி சல்மாவைச் சேர்த்துப் பாருங்கள். பூப்பெய்தியதும் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். திருமணத்தின் பின் எழுத்துக்குத் தடை. வீடே உறங்கிய பிறகு கழிப்பறைக்குள் நின்று துண்டுத் தாள்களில் எழுதினார். எழுதியதை மறைத்து வைத்தார். அவருடைய தாயார் அவற்றை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பித்தார். 2000 இல் கவிதைத் தொகுதியும், 2004 இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலும் வந்தபோது தமிழ் முஸ்லிம் வாழ்க்கையின் உட்புறத்தை உலகம் வாசித்தது. இதைப் பார்த்து, ‘கழிப்பறையிலிருந்துகூட இலக்கியம் வரும், ஆகவே அறை தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் அது கொடுமையான தர்க்கம். அந்த வீட்டில் கதவைத் தாழிடும் உரிமை அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான் என்பதையே நாம் அதிலிருந்து படிக்கவேண்டும். அவர் எழுதிவிட்டார். எழுத முடியாமற் போனவர்களின் எண்ணிக்கையை யார் அறிவார்?

இனி நம் மார்க்கம் இவ்விடயத்தில் என்ன பார்வையைத் தருகின்றது என்று யோசிக்கலாம். தனிமைக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு. ஹிரா குகை, மர்யம் (அலை) இருந்த மிஹ்ராப் ஆகியவை நாம் அறிந்தவை. இமாம் கஸ்ஸாலி 1095 இல் பக்தாதைவிட்டு நீங்கி, திமிஷ்கு பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தனித்திருந்ததும் தெரிந்ததே. ஆனால் பெரும்பாலான நமக்குக் குகையோ மினாராவோ இல்லை. குடும்பம் உறங்கும் ஓர் அறைதான் இருக்கின்றது. அத்தகைய அறைக்குரிய முன்மாதிரியும் நமக்கு இருக்கின்றது.

ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மிகச் சிறியது. இரவில் நபி (ஸல்) அவர்கள் தொழும்போது அவர் கிப்லாப் பக்கமாகப் படுத்திருப்பார். நபியவர்கள் ஸுஜூது செய்யும்போது மெதுவாகத் தொட்டு உணர்த்துவார்கள். அவர் கால்களை மடக்கிக்கொள்வார். எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார். அந்நாளில் வீடுகளில் விளக்குகள் இருக்கவில்லை என்றும் அவரே சொல்கிறார். புகாரியில் வரும் இந்த அறிவிப்பைச் சட்ட நூலார் தொழுகையின் சட்டத்துக்காக ஆராய்வார்கள். நான் அதில் ஒரு வீட்டின் ஒழுங்கையும் காண்கிறேன். மனித வேலைகளில் மிக உயர்ந்த வேலை அங்கே நடக்கின்றது. அதற்காக உறங்குபவர் எழுப்பி வெளியே அனுப்பப்படவில்லை. இருவரும் ஒரு சாண் இடத்தை மாறி மாறி விட்டுக்கொடுக்கிறார்கள். பின்னாளில் அந்த அறையே ஒரு கல்விக்கூடமானது. அங்கிருந்து 2,000 க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் உலகுக்குக் கிடைத்தன. அறிஞர்கள் திரைக்கு அப்பால் அமர்ந்து அவரிடம் கேட்டுக் கற்றார்கள்.

நிறம் பற்றியும் அதே அறையில் ஒரு செய்தி உண்டு. ஆயிஷா (ரலி) ஒரு பக்கத்தை மறைக்க உருவங்கள் கொண்ட வண்ணத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதன் உருவங்கள் தொழுகையில் குறுக்கிடுகின்றன, அகற்றிவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். அத்தகைய திரை பற்றிய மற்றோர் அறிவிப்பில், அவர் அதை வெட்டித் தலையணைகளாக்கினார் என்று வருகின்றது. துணி வீணாகவில்லை. கண்ணுக்கு முன்னால் கவனத்தைக் கலைத்தது முதுகுக்குப் பின்னால் ஆறுதலாயிற்று. வண்ணத்தின் சட்டத்தை ஆலிம்கள் சொல்வார்கள். வீடு அமைப்பவனுக்கு நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, வேலைக்குத் துணைசெய்யும் அழகு எது, வேலைக்குப் பதிலாக வந்து நிற்கும் அழகு எது என்ற கேள்வியைத்தான். மேசையை அலங்கரிப்பதிலேயே ஆறு மாதத்தைக் கழித்து ஒரு பக்கமும் எழுதாதிருப்பவர்களை நாம் அறிவோம்.

அபூதர்தா (ரலி) அவர்களின் சம்பவமும் இங்கே பொருந்தும். பகலில் நோன்பு, இரவில் தொழுகை என்று அவர் தம்மை முழுதாக ஒப்புக்கொடுத்திருந்தார். வீட்டில் அவருடைய மனைவி கவனிப்பாரின்றி இருந்தார். விருந்தாளியாக வந்த ஸல்மான் பார்ஸி (ரலி), இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்று திருத்தினார். நபியவர்கள் அதைச் சரி என்றார்கள். இபாதத்துக்கே இந்தக் கணக்கு இருக்குமானால் கவிதைக்கும் கட்டுரைக்கும் இல்லாமற் போகுமா?

இதை இந்த மண்ணிலிருந்து எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், சொந்த இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எனது ஊரான சாவகச்சேரியில் அது மாத நடுவிலேயே தொடங்கியது. யாழ்ப்பாண நகரத்துக்கு அந்த நாள் ஒக்டோபர் 30. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்து வந்தார்கள். கொடிகாமத்தின் பாடசாலைகளிலும் விறாந்தைகளிலும் மரத்தடிகளிலும் அவர்கள் தங்கினார்கள். 2000 ஆம் ஆண்டில் தென்மராட்சி மக்களே இடம்பெயர, சாவகச்சேரி நகரம் இடிந்து தரைமட்டமாயிற்று. ஆக, இங்கே யாருடைய வீடும் முதல் வீடு அல்ல என்றே சொல்லலாம்.

புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் ட்ரங்குப் பெட்டியின் மூடியை மேசையாக வைத்து நான் படித்தேன். அதே காலத்தில் இங்கே தென்மராட்சிப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்தார்கள். ஒரு விளக்கு என்றபடியால் அதைச் சுற்றி எல்லோரும் இருக்கவேண்டியிருந்தது. அக்காலத்தை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. அந்தப் புகை கண்ணைக் கெடுத்தது. ஆனால் தனக்கென்று ஓரிடம் இல்லாதிருப்பது என்றால் என்ன என்பதை இரு தரப்புப் பிள்ளைகளும் உடம்பால் அறிந்தோம்.

அப்படி அறிந்த நாம் இன்று சொந்தக் கூரைக்குக் கீழ் என்ன செய்கிறோம் என்பதே எனக்குள்ள கேள்வி. வாசலுக்கு வெளியே நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றிக் கவிதையும் கதையும் எழுதுகிறோம். எழுதவேண்டியதுதான். அதை எழுதும் மேசையையே வீட்டில் உள்ள ஒரு பெண்ணின் இடத்தைப் பறித்துப் போட்டிருந்தால், அந்த எழுத்துக்கு என்ன பெறுமதி? ஓர் இனத்தை ஊரைவிட்டு அனுப்புவதும் ஒரு மகளைக் கதிரையைவிட்டு எழுப்புவதும் ஒரே அளவானவை அல்ல. அவற்றைச் சமப்படுத்துவது முதலாவதை அவமதிப்பதாகும். ஆனால் ‘இந்த இடம் எனக்குரியது, நீ வேறெங்காவது போ’ என்ற வாக்கியம் இரண்டிலும் இருக்கின்றது. பெரிய அளவில் அதைக் கேட்டவர்கள் சிறிய அளவிலும் அதைச் சொல்லாதிருக்கவேண்டும்.

அப்படியானால் அறை வேண்டாம் என்பதா? வேண்டும். மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும், சுவருக்கு நிறமும் வேண்டும். மீளவந்து கட்டிய வீட்டின் சுவருக்கு வர்ணம் பூசுவது வீண்விரயம் அல்ல; இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இடம் போதாத வீட்டில் நேரத்தைப் பங்கிடலாம். எங்கள் வீட்டில் யன்னலோரம் உள்ள மேசை ஒன்றுதான். வெளியே பனைகள் தெரியும். சுப்ஹுக்குப் பிறகு பாடசாலை நேரம்வரை அது என்னுடையது. அஸருக்குப் பின் பிள்ளைகளுடையது. இஷாவுக்குப் பிறகு என் மனைவி அதில் இருந்து தைக்கிறார், சில நாட்களில் எழுதுகிறார். அந்த நேரத்தில் தேநீர் போடுவது நானோ மகனோ. சுவரின் நிறத்தை ஐந்து பேரும் கூடியிருந்து தெரிவுசெய்தோம். யாருக்கும் முழுத்திருப்தி இல்லாத இளநீலம் அது. எல்லோரும் அதற்கு முன்னால் இருந்து வேலை செய்கிறார்கள்.

பெரிய வீடும் தனி அறையும் உள்ளவர்களுக்கு இந்தப் பங்கீடு தேவைப்படாது என்று தோன்றலாம். அங்கும் கேட்கவேண்டியது உண்டு. இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ‘நான் வேலையாக இருக்கிறேன்’ என்று சொல்ல யார் யாருக்கு முடியும்? தாய்க்கு முடியுமா? மருமகளுக்கு? வீட்டு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பிள்ளைக்கு? அவர்களுடைய வேலை கவிதையாகவோ கணக்காகவோ, ஓதுவதாகவோ பூத்தையலாகவோ இருக்கலாம். குறுக்கே யாரும் கூப்பிடாத ஒரு மணித்தியாலம் அவர்களுக்கும் வேண்டும்.

நிற அட்டையைக் கையில் எடுக்கும் வாசகரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான் உண்டு. சுவரை அளப்பதற்கு முன் வீட்டிலுள்ளவர்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள். அவர்களுள் யாருக்கு இன்னும் ஓரிடம் இல்லையோ, அவரிடம் எந்த நிறம் பிடிக்கும் என்று கேளுங்கள்.