கம்பியைப் பிடித்த கைகள்

ஒரு படிக்கட்டு. மனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் புகைமூட்டம் போல ஏதோ ஒன்று மேலேறுகிறது. முகம் தெரியவில்லை, ஆணா பெண்ணா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. கைப்பிடிக் கம்பியில் மட்டும் சில கைகள் பளிச்சென்று தெரிகின்றன. ரஷ்யப் புகைப்படக் கலைஞர் அலெக்ஸி தித்தாரென்கோ 1992இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாசிலியோஸ்திரோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. ‘நிழல்களின் நகரம்’ என்ற வரிசையைச் சேர்ந்தது.

சோவியத் ஒன்றியம் கலைந்த சில நாட்களிலேயே, 1992 ஜனவரி 2 அன்று, ரஷ்ய அரசு விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அந்த ஓராண்டுக்குள் விலைவாசி 25 மடங்குக்கும் மேல் ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் சில மாதச் செலவுக்குக்கூடப் போதாமல் போனது. ரொட்டிக்கும் இறைச்சிக்கும் மக்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

படத்தில் மனிதர்கள் புகையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்: கேமராவின் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால், நகர்பவர்கள் ஃபிலிமில் பதிவதற்குள் கடந்துவிடுவார்கள். ஒரே இடத்தில் நிற்பவை மட்டும் தங்கும். 1838இல் பாரிஸின் பரபரப்பான ஒரு சாலையைப் புகைப்படக் கலையின் முன்னோடி லூயி தாகேர் படமெடுத்தபோது சாலையே வெறிச்சோடித் தெரிந்தது. காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அந்தக் காலத்துக் கருவியில் தாகேருக்கு வேறு வழியில்லை. தித்தாரென்கோவுக்கு இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா முகங்களையும் பிடித்திருக்கலாம். 1962இல் அந்தச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேயே பிறந்து, அதே தட்டுப்பாட்டில் வாழ்ந்தவர் தெரிந்தேதான் அதைச் செய்யாமல் விட்டார்.

அந்தப் படிக்கட்டில் ஏறுபவர்களை ஆவிகள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆவிக்குக் கைப்பிடி எதற்கு? விழுந்துவிடக் கூடாது என்ற கவனம் உள்ளவர்தான் கம்பியைப் பிடிப்பார். வீட்டில் யாரோ காத்திருக்கலாம், பையில் அரை ரொட்டி இருக்கலாம், அல்லது இன்னும் வாங்கவே வேண்டியிருக்கலாம்.

பசி வந்தால் மானமும் அறிவும் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நெருக்கடியில் மனிதர் எல்லோரும் ஒன்றுபோல் ஆகிவிடுகிறார்கள் என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதில் சந்தேகம் வருகிறது. அந்தப் படியில் ஏறிய ஒருவரும் தன்னைக் கூட்டமாக நினைத்திருக்க மாட்டார். அவரவருக்கு அவரவர் கணக்கு, அவரவர் கவலை. தள்ளி நின்று பார்ப்பவருக்குத்தான் அது கூட்டம். நம் ஊர்ப் பேருந்திலும் இதுதானே நடக்கிறது: நம் அவசரம் நமக்கு நியாயமாகப் படுகிறது, அருகில் நசுங்கி நிற்பவர் வெறும் நெரிசலாகத் தெரிகிறார்.

தித்தாரென்கோ தன் பிரதிகளை இருட்டறையில் தானே உருவாக்குபவர். வெளிறச் செய்தும் நிறமேற்றியும் சாம்பல் நிறத்தின் பல படிநிலைகளைப் பிரித்தெடுப்பார். கண்ணில் கலங்கித் தெரியும் ஒரு கூட்டத்துக்காக இத்தனை பொறுமையோடு வேலை செய்ததே அந்த மனிதர்களுக்கு அவர் காட்டிய மரியாதை என்று நினைக்கிறேன்.

வறுமை மனிதரை முகமற்றவராக்கிவிடும் என்பதற்கு இந்தப் படத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர்கள் புகையை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.