வகுப்பின் பின்வரிசையில் ஒரு நாற்காலி

சென்னை எழும்பூரில் 1789-ல் ஓர் அநாதை விடுதி திறக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்து, ஆதரவில்லாமல் போன பையன்களுக்கான விடுதி. அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்தவர், வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். பலகையும் வேண்டியிருக்கவில்லை, மையும் வேண்டியிருக்கவில்லை. அழிப்பதற்கு உள்ளங்கையே போதும்.

விடுதிக்குத் திரும்பிய பெல், தன் ஆசிரியர்களையும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்காமல், விடுதியில் படித்துக்கொண்டிருந்த ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் சொல்லிக்கொடுத்தான், சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

திண்ணைப் பள்ளியில் படித்த தமிழர் யாருக்கும் இது அதிசயமாக இருந்திருக்காது. அங்கே சட்டாம்பிள்ளை எப்போதும் உண்டு. வயதில் கொஞ்சம் மூத்தவன், பாடத்தில் கொஞ்சம் முந்தியவன். வாத்தியார் சொன்னதைச் சின்னவர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, சொல்லும்போதே தானும் அழுத்தமாகக் கற்றுக்கொள்பவன். பெல் இங்கிலாந்துக்குத் திரும்பி 1797-ல் தன் எழும்பூர்ச் சோதனையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் அதேபோன்ற முறையைக் கையாள, அவர் பெயரால் அது கடல் தாண்டிப் போய் 1806-ல் நியூயார்க்கில் ஒரு பள்ளியாகவே ஆனது. கற்றுக்கொண்டிருப்பவனையே கற்பிக்கவும் வைக்கலாம் என்ற எண்ணத்துக்கு நவீனக் கல்வியில் பல வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று எழும்பூர் மணலில் இருக்கிறது.

அந்த எண்ணம் இன்று கலிஃபோர்னியாவில் ‘இன்டர்ன் உரிமம்’ என்ற வடிவில் நிற்கிறது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் வழக்கமான வழி இதுதான்: பட்டம் முடித்து, கல்வியியல் படித்து, இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் பயிற்சி எடுத்து, உரிமம் வாங்கி, அதற்குப் பிறகு வேலைக்குப் போவது. இன்டர்ன் வழி இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. இளங்கலைப் பட்டம் வேண்டும், பாட அறிவுக்குச் சான்று வேண்டும், வகுப்புக்குள் நுழையுமுன் குறைந்தது 120 மணி நேர ஆயத்தப் பயிற்சி வேண்டும். அவ்வளவு இருந்தால் வேலை உறுதியானதும் உரிமம் கைக்கு வரும், சம்பளமும் வரும். பகலில் பாடம் நடத்திக்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் கல்வியியல் படித்து, இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். சில பாடங்களைத் தேர்வெழுதித் தாண்டி இன்னும் சீக்கிரம் முடிப்பதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

120 மணி நேரம் என்பது நாளுக்கு ஆறு மணி என்று வைத்தால் 20 நாள். அதே மாநிலத்தில் முடிதிருத்தும் உரிமம் பெற 1,000 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். இந்த ஒப்பீட்டைக் கடைசிவரை இழுப்பது நியாயமில்லை, ஏனென்றால் இன்டர்ன் ஆசிரியர் ஏற்கெனவே பட்டதாரி, வேலைக்கு வந்த பிறகும் படிக்கிறார். ஆனாலும் ஆகஸ்ட் மாதத்து முதல் நாளில் அவர் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கையில் வகுப்பறைச் சாவி. முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட வருகைப் பட்டியல், அதில் பாதியை எப்படி உச்சரிப்பது என்று தெரியாது. ஒரு பையன் பென்சில் இல்லை என்கிறான், இன்னொருத்தி அழுகிறாள், மூன்றாவது வரிசையில் ஒருவனுக்கு ஆங்கிலமே புரியவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. அந்த அறையில் பெரியவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான்.

செய்துதான் கற்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு அறிவுதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேர்கிறது. எழுநூறு ஆண்டுக்கும் மேலாகத் தமிழ் மாணவர்கள் மனப்பாடம் செய்துவந்த இலக்கணத்தின் பொதுப்பாயிரத்திலேயே இது இருக்கிறது. அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இந்த இடத்துக்கு வருகிறார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் கலைஞன் ஆகிறான் என்பது அவர் வாதம். அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்து அவர் சொல்வதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். மோசமாகக் கட்டிக் கட்டி மோசமான கொத்தனாராகவும் ஆகலாம், அதனால்தான் ஆசான் ஒருவர் தேவைப்படுகிறார் என்கிறார் அரிஸ்டாட்டில்.

இந்த வாதங்கள் எல்லாம் கற்கிறவரின் பக்கம் நின்று பேசுபவை. வகுப்பறையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொத்தனார் கோணலாக வைத்த செங்கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்கலாம். எட்டு வயதுக் குழந்தையின் மூன்றாம் வகுப்பை மறுபடி வைக்க முடியாது. ஒருவர் ஆசிரியராக ஆவதற்கு இன்னொருவரின் குழந்தைப் பருவம் செலவாகிறது என்றால், அந்தச் செலவைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, யாரிடம் கேட்பது?

இதே கேள்வியை மருத்துவத்தில் நேருக்கு நேர் சந்தித்தவர் அறுவைச் சிகிச்சை நிபுணரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே. புது டாக்டர்கள் நோயாளிகளின் உடம்பில்தான் கைபழக வேண்டியிருக்கிறது, வேறு வழியே இல்லை என்று 2002-ல் வந்த தன் முதல் புத்தகத்தில் விளக்கிவிட்டு, அதிலேயே தன் வீட்டுக் கதையையும் சொல்கிறார். இதயக் குறையோடு பிறந்த அவருடைய மகனைத் தொடர்ந்து கவனிக்க, பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். பிறகு மகனை யார் பார்ப்பது என்று முடிவுசெய்யும் நேரம் வந்தபோது கவாண்டே தேர்ந்தெடுத்தது அனுபவம் மிக்க மூத்த மருத்துவரை. இளையவர்கள் கற்க வாய்ப்பு வேண்டும் என்று வாதிட்டவரே தன் பிள்ளை என்றதும் அப்படிச் செய்தார். அதை மறைக்காமல் எழுதியது பெரிய மனது. அவருக்குத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்குக் காரணம், யார் பயிற்சியில் இருப்பவர், யார் தேர்ந்தவர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டால் கிடைக்கும் இடத்திலும் அவர் இருந்தார்.

கலிஃபோர்னியாவில் அப்படிக் கேட்கும் இடத்தில் இல்லாத பெற்றோர் சிலர், மாணவர்களோடும் சமூக அமைப்புகளோடும் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். 2002-ல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற கூட்டாட்சிச் சட்டம், முக்கியப் பாடங்களை நடத்துகிறவர்கள் முழு உரிமம் பெற்ற ‘உயர் தகுதி’ ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்றது. ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் தகுதி குறைந்த ஆசிரியர்களிடம் அதிக அளவில் போய்ச் சேரக் கூடாது என்றும் சொன்னது. அப்படிப்பட்ட தகுதியுள்ள ஆசிரியர் இல்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் வகுப்பு நடந்தால் பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். ஆனால் மத்திய கல்வித் துறை விதிமுறை எழுதும்போது, மாற்று வழியில் பயின்றுகொண்டிருப்பவர்களையும் மூன்று ஆண்டு வரை ‘உயர் தகுதி’ கணக்கில் சேர்த்துக்கொண்டது. உரிமத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பவர், நடக்கும்போதே உரிமம் பெற்றவர் ஆகிவிட்டார். கடிதம் போக வேண்டிய அவசியமும் தீர்ந்தது.

ரெனீ – டங்கன் வழக்கு என்று அழைக்கப்படும் இதில், 2010 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிமுறை செல்லாது என்றது. பெறுவதும் பெற்றிருப்பதும் ஒன்றாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இன்டர்ன் ஆசிரியர்கள் ஏழைப் பிள்ளைகளும் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளும் படிக்கும் பள்ளிகளிலேயே குவிந்திருப்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், அரசுச் செலவுக்கான ஒரு மசோதாவுக்குள் சில வரிகளைச் சேர்த்துப் பழைய விதிமுறைக்குச் சில ஆண்டுகள் உயிர்கொடுத்தது. 2015-ல் வந்த புதுச் சட்டம் ‘உயர் தகுதி’ என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு இன்டர்ன் வழியை ஒழித்துவிடலாம் என்று சொல்லத் தோன்றும். சொல்வதற்கு முன் எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா 1996-ல் தொடக்க வகுப்புகளின் அளவை 20 பிள்ளைகளாகக் குறைக்க நிதி ஒதுக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வசதியான பள்ளிகள் அனுபவசாலிகளை இழுத்துக்கொள்ள, மற்ற பள்ளிகள் அவசர அனுமதிச் சீட்டில் ஆட்களை எடுத்தன. இன்டர்ன் இல்லாத இடத்தில் தேர்ந்த ஆசிரியர் வந்துவிடுவதில்லை. அநேகமாக அங்கே வருகிறவர், அந்த 120 மணி நேரம்கூட இல்லாத தற்காலிக ஆசிரியர்தான். சிறப்புக் கல்வி வகுப்புகளில் இந்த நெருக்கடி இன்றும் கடுமை.

ஆய்வுகளும் இன்டர்ன் வழியைக் குற்றவாளியாக்கவில்லை. ஐந்து வாரக் கோடைப் பயிற்சியோடு பட்டதாரிகளை ஏழைப் பள்ளிகளுக்கு அனுப்பும் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ ஆசிரியர்களை, அதே பள்ளிகளின் மற்ற ஆசிரியர்களோடு ஒப்பிட்டது 2004-ல் வந்த மாத்தமேட்டிகா நிறுவன ஆய்வு. கணக்கில் அவர்களுடைய மாணவர்கள் சற்று முன்னேறியிருந்தார்கள், வாசிப்பில் வித்தியாசம் இல்லை. நியூயார்க் நகரை வைத்து 2008-ல் வந்த இன்னொரு ஆய்வு, எந்த வழியில் உரிமம் வந்தது என்பதைவிட ஒரே வழியில் வந்தவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது என்று கண்டது. எந்த வழியில் வந்தாலும் முதல் ஆண்டு முதல் ஆண்டுதான். அதோடு, சம்பளமில்லாத பயிற்சி மாதங்களைத் தாங்கக்கூடியவர் எல்லோரும் அல்லர். பத்து வருஷம் வகுப்பு உதவியாளராக இருந்து, வீட்டு வாடகையும் கட்டிக்கொண்டு, அந்தத் தெருப் பிள்ளைகளின் ஸ்பானிய மொழியையும் பேசுகிற ஒரு பெண்ணுக்கு இன்டர்ன் வழிதான் ஆசிரியராகும் ஒரே வாசல். அந்த வாசலைச் சாத்தினால் நட்டப்படுவது அதே பிள்ளைகள்தான்.

ஆக, செய்து கற்கலாமா என்று கேட்பதில் பயனில்லை. செய்து கற்கிறவருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சட்டாம்பிள்ளை எழுத்தைத் தப்பாகச் சொன்னால் கேட்க, வாத்தியார் அதே திண்ணையில் இருந்தார். எழும்பூர்ச் சிறுவனின் வகுப்பை மேற்பார்க்கப் பெல் இருந்தார். பிரிட்டன் 1846-ல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ‘மாணவ ஆசிரியர்’களாக ஐந்தாண்டுப் பயிற்சிக்கு எடுத்தபோது, தலைமையாசிரியர் அவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுத்தாக வேண்டும் என்று விதி போட்டது. கலிஃபோர்னியா 2013-க்குப் பிறகு இன்டர்ன்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 144 மணி நேர வழிகாட்டுதலைக் கட்டாயமாக்கியது. முன்பிருந்த நிலைக்கு அது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. 180 பள்ளி நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 48 நிமிடம். அதிலும் ஒரு பகுதி வகுப்புக்கு வெளியே, கூட்டங்களிலும் திட்டமிடலிலும் போய்விடும்.

2003-ல் தொடங்கிய பாஸ்டன் ‘ரெசிடென்சி’ திட்டம் வேறு பாதை காட்டியது. பயிற்சியாளர் ஒரு முழு ஆண்டு, தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பிலேயே இருக்கிறார். முதலில் பார்க்கிறார், பிறகு நாலைந்து பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்துகிறார், பிறகு முழு வகுப்பை. தப்பினால் தாங்குவதற்கு இரண்டடி தூரத்தில் ஆள் உண்டு. கையில் உதவித்தொகையும் கொஞ்சம் உண்டு. கலிஃபோர்னியாவும் இந்த வழிக்காக 2018-ல் 7.5 கோடி டாலரும் 2021-ல் 35 கோடி டாலரும் ஒதுக்கியது. ஒரு வகுப்புக்கு ஒரு வருஷம் இரண்டு பெரியவர்கள் என்றால் செலவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளின் தலையில் விழுந்துகொண்டிருந்த செலவை அரசு தன் கணக்கில் எழுதிக்கொள்வது என்று இதைப் பார்க்கலாம், அதுதான் முறையும்.

இப்போது கலிஃபோர்னியா பள்ளிவாரியாக ஒரு கணக்கை வெளியிடுகிறது. முழு உரிமத்தோடு நடத்தப்படும் வகுப்புகள் எத்தனை சதவீதம், உரிமத்துக்கு வெளியே நடத்தப்படுபவை எத்தனை, இன்டர்ன்கள் நடத்துபவை எத்தனை என்று தனித்தனிக் கட்டங்கள். முன்பு ‘உயர் தகுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்திருந்தவர்கள் இதில் தனியாகத் தெரிகிறார்கள். மூன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் ஒரு தாய் அதை இணையத்தில் திறந்து, தன் பள்ளியின் பெயரைத் தேடி, இன்டர்ன் என்ற கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்துக்கொள்ளலாம். வழிகாட்டி ஆசிரியர் அந்த ஆண்டில் எத்தனை நாள் கதவைத் திறந்து உள்ளே வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.