பெட்டிக்குள் தங்கிய மழை

பழைய சிங்கர் கைமெஷினின் மரமூடியைத் தூக்கியதும் முகத்தில் அடிப்பது ஒரே வாடை அல்ல. சற்றுப் பொறுத்து முகர்ந்தால் தனித்தனியாகப் பிரியும். முதலில் ஈரத்தில் கிடந்த மரத்தின் பூசண வாடை. அதற்கு அடியில் சிக்குப் பிடித்த எண்ணெயின் காறல். அதற்கும் அடியில் மெஷின் ஆயிலும் இரும்பும் நூலும் கலந்த ஒரு மணம். கடைசியாகச் சொன்னது யாரோ உட்கார்ந்து தைத்த காலத்தின் மணம். அதைப் போக்க எனக்கு மனமில்லை. மற்ற இரண்டும் யாரும் தொடாமல் கிடந்த காலத்துக்கு உரியவை; அவைதான் போக வேண்டும்.

*

பூசண வாடைக்குள் இருக்கும் பொருள்களில் ஒன்று ஜியோஸ்மின். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சில பூசணங்களும் அதை உண்டாக்குகின்றன. கோடை முடிந்து முதல் மழை விழும்போது தரையிலிருந்து எழும் மணத்திலும் அதுவே இருக்கிறது. காற்றில் லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு கலந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். வாசலில் நின்று ஆசையாக உள்ளிழுக்கும் அதே மணம், மூடிய பெட்டிக்குள் தலைவலியாகிவிடுகிறது. அவ்வளவு சிறிய அளவே போதும் என்பதால், ஒருமுறை துடைத்ததும் எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. மனம் அவசரப்படும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்கிறேன்.

*

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கிப் பயனில்லை. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது மரம் எப்படி உலரும்? மாசி, பங்குனி நல்லது. மெஷினின் பின்பக்கக் கீல்களில் இருக்கும் திருகுகளைத் தளர்த்தினால் தலைப்பகுதி அடிப்பெட்டியிலிருந்து தனியே வந்துவிடும். வார்ப்பிரும்பு, கனம் அதிகம். இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. பெட்டியையும் மூடியையும் வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பூசணத்தை உலர்வாகவே தட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துக்கள் அடுத்த பெட்டிக்குப் போய்ச் சேரும்.

பிறகு நிழலும் காற்றும். உச்சி வெயிலில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் அந்த மூடி வளைத்துச் செய்த மரம். மேலே ஒட்டிய மெல்லிய பலகைத்தோல் கடும் வெயிலில் பிளந்து எழும்பிவிடும். காலை வெயில் சற்று நேரம் படலாம்.

பக்கத்துத் தெரு ஆசாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வஜ்ஜிரம் போட்டு ஒட்டுனது தம்பி. தண்ணிய ஊத்திக் கழுவிராதீங்க, விட்டுக்கும்.” தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை வஜ்ஜிரம். ஈரம் பட்டால் இளகும். பூசணத்துக்கு அதுவே நல்ல உணவும்கூட. ஆகையால் பெட்டியின் மூலைகளிலும் பலகைகள் சேரும் இடுக்குகளிலும்தான் வாடை அதிகமாகப் பதுங்கியிருக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து இறுகப் பிழிந்து, வெறும் மரமாக விட்ட உட்புறத்தை மட்டும் துடைக்கலாம். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். இரும்புக்கு வினிகர் ஆகாது, துரு ஏறும்.

*

அந்துருண்டை போடுவதை நான் ஏற்க மாட்டேன். அது வாடையைப் போக்குவதில்லை, இன்னொரு வாடையால் மூடுகிறது. அதிலுள்ள நாஃப்தலீன் மரத்துக்குள் ஊறிவிட்டால் அதை வெளியேற்றுவது தனி வேலை. பெரிய காரணம் வேறு: ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு நாஃப்தலீன் வாடை ஏறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். குழந்தைக்குச் சட்டை தைக்கிற மெஷினின் பெட்டி இது.

கரி நல்லது. கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள்ளேயே 500 சதுர மீட்டருக்கு மேல் உட்பரப்பு இருக்கிறது. வாடை மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சாதாரண அடுப்புக்கரி அவ்வளவு பிடிக்காது, ஆனாலும் பிடிக்கும். துணியில் முடிந்து உள்ளே வைத்தால் கரித்தூள் சிந்தாது. சமையல் சோடா வைப்பதானால் அதைக் கிண்ணத்தில்தான் வைக்க வேண்டும். தூவினால் அந்தப் பொடி மெஷினின் ஓட்டத்துக்குள் போய்ச் சேரும்.

*

எண்ணெய்க் காறல் தலைப்பகுதியில் இருக்கிறது. பல வீடுகளில் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள், கைக்கு எட்டியது அதுதான். நாள்பட அது காறிப்போகும். துணியை நகர்த்தும் பல்சட்டத்துக்கு அடியிலும் ஷட்டில் ஓடும் பள்ளத்திலும் நூல்பிசிறு எண்ணெயில் ஊறித் திட்டுத் திட்டாக உறைந்திருக்கும். அதைக் குச்சியால் சுரண்டி எடுக்கும்போதே பாதி வாடை போய்விடுகிறது. பிறகு எண்ணெய்த் துளைகளில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றி, கசிவதைத் துடைத்து, புதிய மெஷின் ஆயில் விடலாம்.

ஸ்பிரிட்டை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கறுப்பு உடம்பில் பொன்னிறச் சித்திரங்கள் மின்னும்; சில மெஷின்களில் எகிப்தின் ஸ்பிங்க்ஸ் உருவம்கூட உண்டு. அவற்றின்மேல் அரக்குப் பூச்சு இருக்கும். ஸ்பிரிட் பட்டால் பூச்சு கரைந்து சித்திரமும் துணியோடு வந்துவிடும். எத்தனையோ நல்ல மெஷின்கள் இப்படி மொட்டையாகியிருக்கின்றன. பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் அதே ஸ்பிரிட்டில் அரக்குச் சில்லுகளைக் கரைத்து, நன்றாக உலர்ந்த பெட்டியின் உட்புறத்தில் பூசினால் மரத்தில் மிச்சமிருக்கும் வாடை அடைபட்டுவிடும். சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் சுரப்பதுதான் அரக்கு. இரண்டு மெல்லிய பூச்சு போதும். உலராத மரத்தின்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

*

மூக்கை எப்போதும் நம்ப முடியாது. ஒரு வாடைக்குள் சில நிமிடம் இருந்தாலே அது பழகி, இல்லாததுபோலத் தோன்றத் தொடங்கும். ஆகையால் வேலை செய்தவரின் தீர்ப்பு செல்லாது. துவைத்து உலர்த்திய பருத்தித் துணி ஒன்றை உள்ளே வைத்து, மூடியைப் போட்டு, சில நாள் கழித்து எடுத்து, வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் முகரக் கொடுக்க வேண்டும். துணியில் பூசண வாடை இருந்தால் கரியை மாற்றிவிட்டு, மூடியை மறுபடியும் திறந்து வைக்க வேண்டியதுதான்.