மருத்துவக் காப்பீடும் பொய்யாமை அறமும்

அன்னம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்கு வகுத்தளித்த நம் முன்னோர், உணவோடு மருந்தையும் சேர்த்தே எண்ணினர். பசித்தவனுக்குச் சோறும், பிணியுற்றவனுக்கு மருந்தும் விலை பேசித் தரத்தக்கவை அல்ல என்பது அவர்தம் கருத்து. இன்றோ மருத்துவம் பெரும்பொருள் வேண்டுவதாகிவிட்டது. அப்பொருளை முன்னரே திரட்டி வைக்கும் வழியாகக் காப்பீடு என்னும் ஏற்பாடு நம் இல்லங்களுக்குள் நுழைந்துள்ளது. அக்காப்பீட்டுப் படிவத்தின் சிறு கட்டம் ஒன்று நம் குடும்பத்தில் எழுப்பிய அறவினாவை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகின்றோம்.

ஆசிரியப் பணியின் பொருட்டு உடையார்பாளையம் வந்த நாம், ஓய்வு பெற்ற பின்னும் இவ்வூரிலேயே தங்கிவிட்டோம். நம் தங்கையும் அவள் கணவரும் இங்கே சிறு மளிகைக் கடை ஒன்று நடத்தி வந்தனர். 2019ஆம் ஆண்டில் ஒருநாள் தங்கையின் மகன், தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் படிவத்தோடு நம்மிடம் வந்தான். குடும்பத்தில் எந்தப் படிவமானாலும் நம் கண்ணில் பட்ட பிறகே கையொப்பம் விழும் என்பது வழக்கம்.

“பெரியம்மா, சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடட்டுமா? எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம்” என்றான்.

தங்கைக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. “உள்ளதை எழுது” என்றோம். அவனும் எழுதினான். நிறுவனம் சந்தாவைக் கூட்டியது. முன்பே உள்ள நோய்க்கும் அதனால் விளைவனவற்றுக்கும் நான்காண்டுகள் கழித்தே பணம் தரப்படும் என்ற நிபந்தனையோடு பத்திரம் வழங்கியது.

மூன்றாம் ஆண்டில், 2022இல், தங்கையின் காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவத்துக்குக் கூறிய தொகை கடையின் முதலையே விழுங்கக்கூடியது. நிறுவனமோ காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று கூறி மறுத்துவிட்டது. ஒப்பந்தப்படி அது சரியே. அன்று இரவு மருமகன் முறையில் வருபவர் எவரும் கேட்காத ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்டான்: “அன்று ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் இன்று அம்மாவுக்கு இந்த நிலை வந்திருக்குமா, பெரியம்மா?”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு ‘உண்மையே பேசுக’ என்று கரும்பலகையில் எழுதிய கை நம்முடையது. ஆயினும் அவ்விரவில் நமக்கு நாவெழவில்லை. அதன்பின் பல நாள் எண்ணிப் பார்த்ததன் பயனே இனி வருவது.

சந்தாப் பணம் யாருடையது?

நம் மக்களுள் பலர் காப்பீட்டைச் சீட்டுப் போல எண்ணுகின்றனர். சீட்டில் கட்டிய பணம் ஒருநாள் கைக்குத் திரும்பும். காப்பீட்டில் நோயுறாத ஆண்டின் சந்தா திரும்புவதில்லை. எனவே ‘கட்டியது வீண்’ என்ற மனக்குறையும், ‘எப்படியாவது அதை மீட்க வேண்டும்’ என்ற எண்ணமும் எழுகின்றன. காப்பீடு சீட்டன்று, அது பிடி அரிசி போன்றது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் இட்ட நம் பாட்டிமார், அவ்வரிசி தம் இலைக்கே திரும்ப வேண்டும் என்று எதிர்பார்த்தனரா?

வகுப்பறைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். சேர்வது 50 லட்சம். அவற்றுள் இருபது குடும்பங்களில் நோய் வந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டரை லட்சம் செலவானால் பானை காலியாகும், கணக்கு நேராகும். இனி, நோயை மறைத்து ஐந்து குடும்பங்கள் உள்ளே வந்து, அவையும் அதே அளவு பெற்றால் பன்னிரண்டரை லட்சம் மிகை. அடுத்த ஆண்டு ஒவ்வொரு குடும்பமும் 1,250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதைக் கட்ட இயலாமல் முதலில் விலகும் குடும்பம் எது? வசதியுள்ள குடும்பம் அன்று. நம் தெருவில் தறி நெய்து வாழும் குடும்பமே விலகும்.

மறைத்து எழுதும் ஒரு சொல் நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து மட்டும் எடுப்பதில்லை என்பது இதனால் விளங்கும். முகம் அறியாத ஒரு நோயாளியின் பங்கிலிருந்தும் அது எடுக்கின்றது. ஆகவே இது பொய்யாமைக்கு மட்டுமன்றிக் கள்ளாமைக்கும் இழுக்காகும். ‘பிடிபட்டால் பத்திரம் ரத்தாகும்’ என்று அஞ்சி உண்மை எழுதுவது அறமன்று, அது கணக்கு. அந்த முகம் அறியாதவரை எண்ணி எழுதுவதே அறம்.

உண்மை கூறியவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

இத்துடன் நிறுத்திவிட்டால் பிள்ளையின் கேள்விக்குப் பாதி விடையே கூறியவராவோம். உண்மை கூறிய நம் தங்கை கூடுதல் சந்தாவும் கட்டினாள், உதவியும் பெறவில்லை. நோய் மிக்கவரிடம் மிகுதியாகக் கேட்டு, நோயற்றவரை இன்முகத்தோடு வரவேற்பது எவ்வகை நீதி?

நிறுவனத்தார்க்கும் ஒரு நியாயம் உண்டு. விரும்பினால் சேரலாம், விரும்பாவிடில் விடலாம் என்ற ஏற்பாட்டில், நோய் வந்தபின் மட்டுமே அனைவரும் சேர்வாராயின் பானையில் அரிசியே இராது. எனவே அவர்கள் கேள்வி கேட்கின்றனர், காத்திருக்கச் சொல்கின்றனர். ஆகவே குறை அந்தக் கேள்வியில் மட்டும் இல்லை. நலமாயிருக்கும்போது பலர் வெளியே நிற்பதும், நோயைச் சந்தை விலையால் அளப்பதுமே குறையின் வேர்.

அனைவரும் முன்னரே சேர்ந்துவிட்டால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீடு 1952இல் நடைமுறைக்கு வந்தது. அதில் உறுப்பினரின் சந்தா அவரது நோயைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். இயன்ற அளவு கொடு, வேண்டிய அளவு பெறு என்பதே அதன் உட்கருத்து. ஜெர்மனி 1883ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்கு இத்தகைய நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1948இல் சந்தாப் பத்திரத்தையே நீக்கி, வரிப்பணத்தால் அனைவர்க்கும் மருத்துவம் என்று அமைத்தது.

நம்மைப் போன்ற அரசு ஓய்வூதியர்க்கும் அத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. 2022 ஜூலையில் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டத்தின்படி மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்று நம்மை எவரும் கேட்கவில்லை. அனைவரும் உள்ளே இருப்பதால் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. இதுவரை அத்திட்டத்தால் நாம் ஒரு ரூபாயும் பெற்றதில்லை. நம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியைக்கு இதய அறுவை மருத்துவம் நிகழ்ந்தபோது, அச்செலவின் பெரும்பகுதியை அத்திட்டம் ஏற்றது. நம் மாதாந்தப் பிடித்தம் எங்கே சென்றது என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். வீணாயிற்று என்று இனி எவ்வாறு கூறுவது?

இதிலிருந்து நாம் தெளிந்தது இது: மக்களை உண்மை பேசுமாறு அறிவுறுத்துவது அறநூலின் கடன். உண்மை பேசியதற்காக எவரும் நட்டப்படாதவாறு ஏற்பாடுகளை அமைப்பது நாட்டின் கடன். முன்னதை மட்டும் வலியுறுத்திப் பின்னதை மறந்தால், அறத்தின் சுமை முழுவதும் நோயாளியின் தலையில் விழும்.

மற்றொரு வாயிலும் மற்றொரு பொய்யும்

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கின. ஏழைக் குடும்பங்களுக்காக அரசே சந்தா செலுத்த, அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் மருத்துவம் பெறலாம் என்ற வழி பிறந்தது. 2018 செப்டம்பரில் நடுவணரசு தொடங்கிய திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என வரையறுத்தது. இவற்றால் உயிர் பிழைத்தோர் நம் ஊரிலும் உளர்.

ஆனால் இவ்வாயிலிலும் ஒரு கட்டம் உண்டு. அது வருமானக் கட்டம். 2012ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும் என்றனர். பின்னர் அது 1,20,000 ஆக உயர்ந்தது. நம் தங்கையின் கடை வருமானம் அன்றைய வரம்பைத் தாண்டியது. “குறைத்துக் காட்டிச் சான்று வாங்கிவிடலாம்” என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் யோசனை கூறினார். தங்கை நம்மைப் பார்த்து, “அக்கா, கடைத் தராசில் ஒருநாளும் எடை குறைத்ததில்லை. இந்தத் தாளில் மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?” என்றாள். அளவில் குறைத்தல் கள்ளாமை விரதத்துக்கு இழுக்கு என்று நூலில் படித்த நாம் அவளுக்கு விடை தேடிக்கொண்டிருக்க, படிப்புக் குறைந்த அவள் தானே விடை கூறிவிட்டாள்.

ஏழை என்று சான்று பெறவும் இயலாத, செல்வர் என்று சந்தா கட்டவும் இயலாத இந்த நடுத்தர மக்கள் சிலர் அல்லர். நாட்டு மக்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் எவ்வகைக் காப்பீடும் இன்றி இடையில் நிற்கின்றனர் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கை கூறியது. இருபுறமும் கதவிருந்தும் நடுவே நிற்போர்க்குப் பொய்யே திறவுகோலாகத் தோன்றுமாயின், அது அவர்தம் குற்றம் மட்டும் ஆகுமா?

அரசு மருத்துவமனையில் கேட்ட அதே கேள்வி

இறுதியில் தங்கையை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். கூட்டம் மிகுதி. பிள்ளை மூன்று வாரம் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தான். கழிவறைக்கு வரிசை, பரிசோதனைக்கு வரிசை. இவற்றை மறைத்து எழுதுவதும் பொய்யே. ஆயினும் அங்கே முதல் நாள் இளம் மருத்துவர் ஒருவர் கேட்டார்: “அம்மா, எத்தனை ஆண்டாகச் சர்க்கரை?” படிவத்தில் இருந்த அதே கேள்வி! அங்கே அது பணம் மறுப்பதற்காகக் கேட்கப்பட்டது. இங்கே மருத்துவம் செய்வதற்காகக் கேட்கப்பட்டது. தங்கை தயங்காமல் உண்மை கூறினாள். அவ்வுண்மையே அவளுக்கு மருந்தாயிற்று. ஒரு விரலை இழந்தாள், காலை இழக்கவில்லை. இன்று கடையில் அமர்ந்து தராசு பிடிக்கின்றாள்.

நாம் செய்யத்தக்கன

விதிகள் சிறிது சிறிதாக மனிதத் தன்மை பெற்று வருகின்றன. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு உச்ச அளவை நான்காண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. 65 வயதுக்கு மேற்பட்டோரும் புதிதாகச் சேர வழி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து சந்தா கட்டியவரின் கோரிக்கையை, மோசடி மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்தார் என்று கூறி மறுத்தல் கூடாது என்றும் விதித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவுக்கு இருந்த 18 விழுக்காடு வரி நீக்கப்பட்டது. நம் மாவட்டத்திலும் 2022 ஜனவரி 12இல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவை நல்ல தொடக்கங்கள்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கனவும் சில உள. பிள்ளைகள் நலமாயிருக்கும் இளவயதிலேயே காப்பீட்டில் சேர்க. அது தமக்குப் பாதுகாப்பு, பிறர்க்கு ஔஷத தானத்தின் ஒரு பிடி. படிவத்தை முகவர் கையில் விட்டுவிடாது தாமே படித்து, உள்ளதை உள்ளவாறு நிரப்புக. வசதியுடையோர் ஏழையர்க்குரிய அட்டையை நாடாதிருக்க. மிகுபொருள் விரும்பாமை என்பது உண்டியலில் இடுவதோடு முடிவதன்று. சங்கங்கள் விழா நாள்களில் ஒரு மேசை இட்டு, முதியோர்க்குப் படிவம் நிரப்ப உதவுக. அரசு மருத்துவமனை நமக்கன்று என்று ஒதுங்காது அதன் நலனில் அக்கறை கொள்க. வசதி படைத்தோர் ஒதுங்கிய இடத்தில் குறை கேட்பார் இரார்.

சென்ற மாதம் தங்கையின் மகன் தன் மனைவிக்கும் குழந்தைக்குமாகப் புதிய படிவம் ஒன்று கொண்டுவந்தான். மனைவிக்கு மூச்சிரைப்பு நோய் உண்டு. அக்கட்டத்தில் ‘உண்டு’ என்று தானே எழுதியிருந்தான். “சந்தா கூடும், பெரியம்மா. கூடட்டும்” என்றான். 2022இல் அவன் கேட்ட கேள்விக்கு நாம் கூறாத விடையை அவனே கூறிவிட்டான். அவன் கூடுதலாகக் கட்டும் அத்தொகை நியாயமானதா என்ற வினாவோ இன்னும் எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடை கூற வேண்டியவர் அவன் அல்லன். நாம் அனைவரும் ஆவோம். சிந்திப்போமாக.