பிள்ளையின் மரணத்திற்குக் காரணம் தேடுவதும் கடமையே



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.



இரவு விளையாடிவிட்டுப் படுத்த பிள்ளை விடியும்போது மவுத்தாகிவிட்டால், செஞ்சி, மேல்சித்தாமூர் பக்கத்தில் என்ன சொல்கிறோம்? "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்கிறோம். இல்லையென்றால், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று முடித்துக்கொள்கிறோம். நாட்டம் அவனுடையதுதான். ஆனால் விதியை நம்புகிறவர் காரணம் தேடக் கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. அல்லாஹ் நோயை இறக்கும்போது அதற்கான மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தேடுவது நம் பொறுப்பு. மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு காவல் சுற்றும்போது ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் காரணம் கேட்டார்கள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் கலீஃபா உதவித்தொகை தருகிறார், அதனால் சீக்கிரமே பால் மறக்கடிக்கிறேன் என்றார் அந்தத் தாய், எதிரில் நிற்பவர் கலீஃபா என்று தெரியாமல். உமர் (ரலி) நடுங்கிப்போனார்கள். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பைத்துல்மாலிலிருந்து தொகை என்று விடிந்ததும் அறிவித்தார்கள். காரணம் கேட்டார்கள், பொதுப் பணத்தைத் திறந்தார்கள்.

நம் காலத்திலும் ஒரு படிப்பினை உண்டு. பீகாரின் முசாஃபர்பூரில் 1995 முதல் கோடைதோறும் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். வெயில், கிருமி, பூச்சிமருந்து என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். லிச்சிப் பழத்தின் மீது சந்தேகத்தைத் திருப்பியவர்களில் ஒருவர், நம் பக்கத்து வேலூரைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ஜான். 2014இல் மத்திய அரசின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் அமெரிக்க நிபுணர்களோடு சேர்ந்து ஆராய்ந்தது. அந்த ஆண்டு இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பிள்ளைகளில் 122 பேர் இறந்திருந்தார்கள். பகலில் லிச்சி தின்று, இரவில் சாப்பிடாமல் படுத்த பிள்ளைகளின் உடலில், அப்பழத்திலுள்ள நச்சு சர்க்கரை உண்டாவதைத் தடுத்தது தெரியவந்தது.

அவர்கள் சொன்ன வழி என்ன? இரவில் ஒரு வேளைச் சோறு. மயங்கினால் உடனே குளுக்கோஸ். அடுத்த ஆண்டுகளில் மரணங்கள் குறைந்தன. ஆனால் 2019இல் மறுபடியும் 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். அறிந்ததை ஏழையின் வீடுவரை கொண்டுசேர்க்கவும் பணம் வேண்டும், அக்கறை வேண்டும்.

சகோதரர்களே! ரோடு கேட்டு மனு கொடுக்கிறோம், குடிநீர் கேட்டு மனு கொடுக்கிறோம். காரணம் தெரியாத பிள்ளை மரணங்களை ஆராயவும் நிதி ஒதுக்குங்கள் என்று கேட்போம். அது நம் வரிப்பணம், அமானிதம். குழந்தை இறந்த வீட்டுக்குச் சுகாதாரச் செவிலியர் விசாரிக்க வந்தால், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பதில் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம். பெற்ற தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். தம் மகன் இப்ராஹீமுக்காக நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் விட்டார்கள்.

யா அல்லாஹ்! பிள்ளைகளை இழந்தவர்களுக்குப் பொறுமையைத் தருவாயாக! காரணம் தேடுகிறவர்களுக்கு வழியைக் காட்டுவாயாக! ஆமீன்.