பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிறெங்கும் பரவிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது. வயிற்று உப்புசம், இரண்டு வாய்க்குள் வயிறு நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர் வருவது ஆகிய அறிகுறிகளை வாயுத்தொல்லை என்று ஒதுக்குவது எளிது. சொல்பவர் பெண் என்றால் இன்னும் எளிது. சிலருக்கு நோய் உதரவிதானத்தைத் தாண்டி மார்புக்குள் போய், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கும்.

வயிற்றைத் திறந்து கட்டிகளை அகற்றும் பெரிய அறுவை சிகிச்சையின் பலன், முடிவில் எவ்வளவு நோய் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. மிஞ்சிய கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பலன் வெகுவாகக் குறையும். வயிற்றைச் சுத்தம் செய்தபின் மார்பில் அதைவிடப் பெரிய கட்டி இருந்தால்? நீரை எடுத்துச் சோதித்தால் புற்றணு உண்டா என்று தெரியலாம். கட்டியின் அளவு தெரியாது. நுரையீரல் உறையில் படிந்த சிறு கட்டிகள் ஸ்கேனிலும் தப்பிவிடும். அதனால் 2000களில், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், மார்பில் நீர் கோத்த பெண்களுக்கு விலா எலும்புகளின் இடுக்கில் துளையிட்டு, கேமராவைச் செலுத்தி முதலில் உள்ளே பார்த்தார்கள். பலருக்குக் கண்ணால் காணும்படி நோய் இருந்தது. சிலருக்குப் பெரிய அறுவையைத் தள்ளிவைத்து, கீமோதெரபியை முதலில் கொடுத்தார்கள்.

‘சிறு துளைதான்’ என்பது வெளியில் நிற்பவரின் அளவு. படுத்திருப்பவருக்கு அது மயக்க மருந்து, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவிடுவது, பிறகு மார்பில் செருகிய குழாய். அந்தப் பார்வை எப்போது நியாயமாகும்? பார்ப்பதால் சிகிச்சை மாறக்கூடும் என்றால் மட்டுமே. எது தெரிந்தாலும் அதே சிகிச்சைதான் என்றால், மருத்துவரின் தெளிவுக்குப் பெண் தன் உடலால் விலை கொடுக்கிறார்.

முடிவு எப்படி மாற வேண்டும் என்பதை கேமரா சொல்லாது. முற்றிய நோயில் அறுவையை முதலில் செய்தாலும் கீமோதெரபியை முதலில் கொடுத்தாலும் உயிர்வாழும் காலம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மருத்துவர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. மருத்துவமே ஒரே பதிலைத் தராத இடத்தில், எந்த வலியை எதற்காகத் தாங்குவது என்பதை எடைபோட வேண்டியவர் அந்தப் பெண்தான்.

ஆனால் திரையில் அவரது உட்புறம் தெரியும்போது அவர் மயக்கத்தில் இருக்கிறார். அறையில் உள்ளவர்கள் பார்க்கிறார்கள்; அடுத்து, வெளியே காத்திருக்கும் கணவரோ மகனோ கேட்கிறார். நம் ஊரில் பல நேரம் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது: “அவங்களுக்குச் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க.” துளையைத் தாங்கியவர் சொல்லைத் தாங்கமாட்டாரா? அறிய விரும்பாத பெண்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. அதையும் அவரேதான் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். நோய் தெரிந்தால் என்ன செய்யலாம்? தெரியாவிட்டால் என்ன செய்யலாம்? கண்டதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? இவற்றுக்கு அவர் பதில் சொன்ன பிறகு உள்ளே பார்க்கட்டும்.