சொந்தமாக டிக்கெட் விற்ற குழு

ஜாம் பேண்ட் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் இசைக்குழுக்களுக்கு இசைத்தட்டு சோறு போடுவதில்லை. இன்று ஐந்து நிமிடத்தில் முடித்த பாட்டை நாளை அரை மணி நேரம் விரித்து வாசிப்பார்கள். அந்த நாளையைக் கேட்கத்தான் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னால் போகிறார்கள். ஆகவே பிழைப்பு முழுவதும் அரங்கின் வாசலில் இருக்கிறது. வாசலில் கல்லாவை வைத்திருப்பவர் கையில்தான் அவர்களுடைய சுதந்திரமும்.

கொலராடோவின் மலையூர்களில் 1993-இல் தொடங்கிய ‘தி ஸ்ட்ரிங் சீஸ் இன்சிடென்ட்’ இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையில் வேரூன்றி, ராக், ஜாஸ், ஆப்பிரிக்கத் தாளம், மின்னணு நடன இசை என்று கை நீட்டிக்கொண்டே போன குழு. மின்சார மாண்டலின் என்றால் நமக்கு உடனே ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார். இங்கே அதை வாசிப்பவர் மைக்கேல் காங். பெரிய நிறுவனங்களை அண்டாமல் எஸ்சிஐ ஃபிடெலிட்டி என்று சொந்த லேபிள் வைத்தார்கள். பிறகு சொந்த டிக்கெட் விற்பனை. ரசிகர்களுக்குப் பயண ஏற்பாடு செய்ய ஓர் அலுவலகம். 2002 முதல் கச்சேரிகளைப் பதிவுசெய்து வரிசையாக வெளியிட்டார்கள். முதலாளியே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் இத்தனை மேசை நாற்காலி வாங்க வேண்டியிருந்தது.

டிக்கெட் விஷயத்தில்தான் மோதல் வந்தது. அமெரிக்காவின் பெரிய அரங்குகளில் பல, டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் போட்டவை. விலைக்கு மேல் அது வாங்கும் சேவைக் கட்டணத்தில் அரங்குக்கும் பங்கு போகும். எனவே அரங்குகள் வாய் திறப்பதில்லை. 1994-இல் பேர்ல் ஜாம் என்ற ராக் இசைக்குழுவினர் இதை எதிர்த்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லியும் ஒன்றும் அசையவில்லை. ஸ்ட்ரிங் சீஸ் குழுவின் டிக்கெட் நிறுவனம் 2003-இல் டிக்கெட்மாஸ்டர் மீது ஏகபோகக் குற்றம் சாட்டி வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டே சமரசம், விதிமுறைகள் ரகசியம். தன் கச்சேரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்ட குழு, தனக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் வெளியே சொல்ல முடியாத நிலைக்கு வந்தது.

2007-இல் குழு ஓய்ந்தது. 2009-இல் மிச்சிகன் மாநிலத்து ராத்பரியில் நடந்த விழாவில் மீண்டும் கூடியது. மறு ஆண்டு, டிக்கெட்மாஸ்டரும் கச்சேரிகளை நடத்தும் லைவ் நேஷனும் ஒன்றாயின. கல்லாவும் மேடையும் ஒரே கைக்குப் போய்விட்டன.

அதற்குப் பிறகு 2012-இல் இவர்கள் செய்த காரியத்தை வீரம் என்பதா, விளையாட்டு என்பதா தெரியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் கிரீக் தியேட்டரில் நடக்கவிருந்த தங்கள் கச்சேரிக்கே டிக்கெட் வாங்க, நண்பர்களும் ரசிகர்களுமாக சுமார் 50 பேர் கையில் 20,000 டாலர் ரொக்கம் கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். கவுண்டரில் நேரே வாங்கினால் சேவைக் கட்டணம் இல்லை. அப்படிக் கிடைத்தவை 400-க்குச் சற்றுக் குறைவு. அவற்றைத் தங்கள் தளத்தில் அசல் விலைக்கே விற்றார்கள். கள்ளச் சந்தைக்காரன் செய்யும் வேலையேதான், லாபம் மட்டும் இல்லை. அந்த அரங்கின் இருக்கைகளோ ஐயாயிரத்துக்கு மேல்.

அமெரிக்க நீதித் துறையே லைவ் நேஷன் மீது ஏகபோக வழக்குத் தொடர 2024 வரை ஆயிற்று. இதற்கிடையில் ராத்பரிக் காட்டில் 2011 முதல் எலக்ட்ரிக் ஃபாரஸ்ட் என்ற பெருவிழா நடக்கிறது. ஸ்ட்ரிங் சீஸ் அதன் வீட்டுக் குழு மாதிரி. பல ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வாசித்திருக்கிறது. விழாவை நடத்தும் கூட்டாளிகளில் ஒன்று இன்சாம்னியாக் நிறுவனம். 2013-இல் அந்த நிறுவனத்துக்கும் ஒரு பங்காளி வந்து சேர்ந்தது: லைவ் நேஷன்.